நிலவேம்புக்கு எது சாட்சி?

மழைக்காலத்தில் காய்ச்சல் பரவத் தொடங்கினால் திண்டுக்கல் பக்கம் முதலில் அடுப்பேறுவது நிலவேம்புக் குடிநீர். நாள்கணக்கில் குழாய்த் தண்ணீர் வராத சமவெளி ஊர்களில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அதே தண்ணீரில்தான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்த இக்கஷாயத்தைச் சித்த மருத்துவம் சுரத்துக்கு வகுத்தது. 2012 டெங்குப் பரவலின்போது அரசே இதைக் கையில் எடுத்தது. பழைய மருந்தைப் புதிய நோய்க்குத் திருப்பிப் பார்ப்பதில் பிழையில்லை. பலித்ததா என்பதை எதைக் கொண்டு சொல்கிறோம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

'குடித்தேன், பிழைத்தேன்' என்பதே பெரும்பாலோர் தரும் சாட்சி. டெங்கு வந்தவர்களில் மிகப் பலர் ஒன்றும் குடிக்காமலே ஒரு வாரத்தில் தேறுகிறார்கள். சரிந்த தட்டணுக்களும் தாமாகவே ஏறுகின்றன. ஐந்தாம் நாள் எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாள் அதற்குப் பெயர் கிடைக்கும், பப்பாளி இலைச்சாறு உட்பட. ஆய்வகச் சாட்சியும் உண்டு: செல் வளர்ப்பில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களை நிலவேம்புக் குடிநீர் தடுத்ததாக ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அதில் சோதித்தது எத்தனால் சாறு. நாம் குடிப்பதோ தண்ணீரில் காய்ச்சியது. குளோரோகுயினும் ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்த மருந்துதான். வியட்நாமில் 307 டெங்கு நோயாளிகளிடம் சோதித்தபோது, ரத்தத்தில் வைரஸ் தங்கும் நாள்கள் அதனால் குறையவில்லை.

2017இல் முறையான ஆய்வு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் சொன்னபோது, சித்த மருத்துவத்தையே இழிவுபடுத்துவதாகச் சிலர் கொதித்தனர். அலோபதிக்கும் அதே தராசுதான். 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொரோனா தடுப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஐசிஎம்ஆர் பரிந்துரைத்தது. சிகிச்சையாக அது உதவுமா என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு பார்த்தது: 28 நாளில் மருந்து பெற்றவர்களில் 27 சதவீதமும் பெறாதவர்களில் 25 சதவீதமும் இறந்திருந்தார்கள். அதே ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41லிருந்து 29 சதவீதமாகக் குறைத்தது. இரண்டு விடைகளும் ஆய்வு தொடங்கிய ஏறத்தாழ மூன்று மாதங்களில் வந்துவிட்டன. ஆகவே, கொள்ளைநோய்க் காலத்தில் ஆராய நேரம் ஏது என்ற வாதமும் நிற்காது.

'கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன?' என்பது இன்னும் கனமான கேள்வி. ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்: அளவோடு குடிக்கும் கஷாயம் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டெங்குவில் ரத்தநாளங்களிலிருந்து திரவம் கசிந்து அதிர்ச்சி நிலை வருவது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில். கஷாயம் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாளில்தான் வயிற்றுவலியையும் ஓயாத வாந்தியையும் கவனித்து மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

இத்தனை ஆண்டுகள், இத்தனை பேருக்கு ஊற்றிக் கொடுத்த அரசுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு இல்லாமலில்லை. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் காய்ச்சல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எல்லாருக்கும் வழக்கமான திரவ சிகிச்சை கொடுத்து, சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பாதிப் பேருக்கு மட்டும் கஷாயம் சேர்க்கலாம். நிலவேம்பின் கசப்பை யாரிடமும் மறைக்க முடியாது என்பது உண்மை. அதனால் 'தெம்பாக இருக்கிறதா' என்று கேட்காமல், எத்தனை பேர் அதிர்ச்சி நிலைக்குப் போனார்கள், எத்தனை பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள் என்று எண்ணினால் போதும்.