ஒத்திகையில் இடம்பெறாத மாந்தர்

அனர்த்த முகாமைத்துவத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கு ஒத்திகை முறையே உகந்தது என்பர். கற்பனைப் புயலொன்று வருகின்றது. மாணவர் அதிகாரிகளாகவும் மருத்துவர்களாகவும் பாத்திரமேற்றுக் குறுகிய நேரத்துள் முடிவெடுக்கின்றனர். விரிவுரை தரவியலாத பயிற்சியை இது தருகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், இம்முறையின் எல்லை யாது?

2004 யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ‘பேம்’ எனப் பெயரிடப்பட்ட கற்பனைச் சூறாவளியை வைத்து ஐந்து நாள் ஒத்திகையொன்று நடைபெற்றது. நியூ ஓர்லியன்ஸ் நகரம் வெள்ளத்துள் மூழ்கும் என்பதும், வாகனமற்றோர் பெருந்தொகையினராய் அங்கு அகப்படுவர் என்பதும் அப்போதே உணரப்பட்டன. எனினும், 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, அவர்களை வெளியேற்றும் ஏற்பாடு முற்றுப்பெற்றிருக்கவில்லை. அச்சூறாவளியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒத்திகை கண்டதைச் செயலாக்குவதற்கு எவரும் விரையவில்லை என்பதே இங்குள்ள குறை.

மற்றொரு குறையை நமது கரையோரங்கள் உணர்த்தின. 2004 டிசெம்பர் 26 இல் பின்வாங்கிய கடலைக் காணச் சென்றோரும், முதலலை தணிந்ததும் உறவினரைத் தேடித் திரும்பியோரும் மடிந்தனர். வகுப்பறை ஒத்திகையிலோ அனைவரும் கட்டளைக்குப் பணிகின்றனர். பிள்ளையைத் தேடி எவரும் திரும்பியோடுவதில்லை.

எனவே, வாகனமற்ற முதியவள், அறிவித்தலின் மொழி விளங்காதவர், வள்ளத்தை விட்டகல மறுக்கும் மீனவர் ஆகியோரும் பாத்திரங்களாதல் வேண்டும். முடிவில், ‘எவரைக் கைவிட்டோம்? ஏன்?’ என்ற விசாரணை நிகழ வேண்டும். அவ்விசாரணையற்ற ஒத்திகை, கல்வியாகாது.