வெலிங்டன் இல்லமும் வாயிற்கல்லும்

ஒரு கட்டடத்தின் பெருமையை அதில் தங்கியோரைக் கொண்டு அளத்தல் நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கமாகும். திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையினுள் அமைந்த வெலிங்டன் இல்லம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

ஆதர் வெல்லஸ்லி என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1800ஆம் ஆண்டின் இறுதி முதல் சில வாரங்களே திருகோணமலையில் இருந்தார். அவர் வெலிங்டன் கோமகனானது 1814இல். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றது 1815இல். எனவே இல்லத்தின் பெயரே பிற்காலப் புகழின் நிழலாகும். இங்கு நோயுற்றமையாலேயே, பின்னர் மூழ்கிய கப்பலிற் செல்லாது அவர் உயிர்தப்பினார் என்றொரு கதையும் வழங்குகின்றது. உண்மையில் அவர் நோயுற்றது 1801இல் பம்பாயிலாகும்.

இக்கதையை நீக்கின் இல்லத்துக்கு மதிப்பில்லையோ எனின், உண்டு. அது நிற்கும் இடமே அம்மதிப்பைத் தருகின்றது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். 1803இல் ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆயினும் கோட்டை வாயிலின் நிலைக்கல்லொன்று தமிழெழுத்தையும் இணைக்கயற் சின்னத்தையும் இன்றும் தாங்கி நிற்கின்றது. பெயர்கள் மாறின, கல் தன் மொழியை மாற்றவில்லை.

கட்டடத் திறனாய்வு இக்கல்லிலிருந்தே தொடங்குதல் வேண்டும். சுவரின் கல் எங்கிருந்து வந்தது, எவர் கைகள் அதனைச் செதுக்கின, கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மனை எவ்வாறு அமைக்கப்பட்டது என்னும் வினாக்கள், விருந்தினர் யாவர் என்னும் வினாவுக்கு முற்பட்டவை. தொல்லியற் சட்டம் கல்லைச் சிதையாது காக்கலாம். அதன் பொருளைக் காப்பது நாம் தரும் விளக்கமே. கோட்டை இன்றும் படைமுகாமாகவே உளது. கோணேசரை வணங்கச் செல்வோர் அதனூடாகவே நடக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் வாயிற்கல்லின்முன் நிற்பர்?

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே மூதூரும் தோப்பூரும் உள்ளன. கொட்டியாரப் பற்று கோணேசர் கோயிற் பணிகளோடு பிணைந்திருந்தமையைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறுகின்றது. ஆதலின், இனமும் சமயமும் எதுவாயினும், அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இக்கோட்டை அயலாரின் போர்க்கதை மாத்திரமன்று. தம் நிலத்தின் வரலாறுமாகும். அதனைச் சில வார விருந்தினர் ஒருவரின் பெயருக்குள் அடக்கிவிடுதல், கல்லைக் காத்துச் சொல்லை இழத்தலேயாம்.