மாதச் சந்தாவில் ஒரு புத்தகசாலை

மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்திவிட்டு, தனக்கென்று ஒரு நூலையும் விலைக்கு வாங்காமலே, பல்லாயிரம் நூல்களைக் கைப்பேசியிலோ மின்தாள் கருவியிலோ வேண்டியமட்டும் படித்துக்கொள்ளும் வழக்கம், தென்கொரியாவில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. 2013-இல் கியோபோ புத்தக நிலையம் 'சாம்' என்னும் பெயரில் கருவியும் சந்தாவுமாக ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. 2016-இல் பிறந்த 'மில்லியே சொஜே' (சுருக்கமாக மில்லி) என்னும் ஸ்தாபனம் அதை ஜனங்களின் அன்றாடப் பழக்கமாகவே ஆக்கி, 2023-இல் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. இங்கே குடியிருந்து, இந்த வழக்கத்தைக் கையாண்டு, அதனால் மெய்யான பயனும் அடைந்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில அபிப்பிராயங்களைச் சொல்ல விரும்புகிறேன். படிப்பதை இவ்வளவு எளிதாக்கிய கருவி வேறு, படித்ததை நம்மிடம் தங்கவிடாத வியாபார ஒப்பந்தம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து புகழ்வோரும் ஒன்றாகக் கலந்து பழிப்போரும் ஒருங்கே தவறுகிறார்கள் என்பது என் துணிபு.

சௌகரியங்களை முதலில் சொல்வதே நியாயம். சியோல் நகரத்துக் குடித்தனத்தை அறியாதவர்களுக்குப் புத்தகத்தின் எடை ஒரு பொருட்டாகத் தோன்றாது. 'ஜொன்செ' என்னும் முறைப்படி, பெருந்தொகையொன்றை வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்பணமாக ஒப்படைத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பவர்களுக்கு ஒப்பந்தக் காலம் வழக்கமாக இரண்டு ஆண்டு. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை ஒருமுறை நீட்டித்துக்கொள்ளும் உரிமை கிடைத்திருந்தாலும், வேலையிடத்தை முன்னிட்டும், பிள்ளைகளின் பள்ளியை உத்தேசித்தும், முன்பணத்தைப் புரட்ட இயலாமையாலும் குடும்பங்கள் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. நீண்ட ஏணி பொருத்திய லாரி அடுக்குமாடியின் உயரத்துச் சன்னலில் வந்து சாய, வீட்டுச் சாமானெல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கும் அந்த நாளில், எதைக் கொண்டுபோவது, எதைக் கழித்துவிடுவது என்ற விசாரம் எழும்போது, முதலில் பலியாகிறவை புத்தகங்களே. இத்தகைய வாழ்க்கையில் உள்ளங்கையளவு கருவியில் ஒரு நூல்நிலையம் அடங்குகிறது என்பது சாதாரணச் சலுகையன்று. விலையும் கவனிக்கத்தக்கது: அச்சில் வரும் புதிய நாவலொன்று இப்போது பதினையாயிரம் வோனை ஒட்டியோ அதற்கு மேலோ விற்க, மில்லி தன் தொடக்க ஆண்டுகளில் கேட்ட மாதச் சந்தா 9,900 வோன்.

அயல்மொழிக்காரனாகிய எனக்கு இதனினும் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. 1446-இல் செஜோங் மன்னர் கல்வியறிவில்லாத எளிய ஜனங்களை உத்தேசித்து வெளியிட்ட ஹாங்குல் எழுத்துக்களைச் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டுவிடலாம்; ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கும் ஒரு பக்கத்தைப் பொருளறிந்து படிப்பதற்கும் இடையே இருக்கும் தூரம் ஆண்டுக்கணக்கானது. தெரியாத சொல்லின்மேல் விரலை வைத்த மாத்திரத்தில் அகராதி விரிவதும், களைத்த வேளையில் கருவியே அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிப்பதும், அந்தத் தூரத்தை நடப்பவனுக்குக் கிடைத்த துணை. கண்ணொளி மங்கிய முதியவர்களுக்கு எழுத்தைப் பெருக்கிக் காட்டும் வசதியும் அவ்வாறே. 65 வயதை எட்டியவர்கள் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை 2024-இன் இறுதியில் தாண்டிவிட்ட ஒரு தேசத்தில், இதை நாகரிகப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அநியாயம்.

குறைகளுக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை கருவியினால் விளைந்தவை அல்ல என்பதைச் சந்தை வளர்ந்த வரலாறே காட்டுகிறது. கொரியாவில் புத்தகத்தின் விலை சட்டத்தால் காக்கப்படுகிறது. 2003 முதல் நடைமுறையில் இருந்த இந்த ஏற்பாடு, 2014 நவம்பரில் இறுக்கப்பட்டது. அதன்படி நூல் புதியதாயினும் பழையதாயினும், குறித்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி செய்யக்கூடாது. அன்பளிப்பு முதலிய சலுகைகளைச் சேர்த்தாலும் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெரிய கடைகளின் விலைக்குறைப்புப் போட்டியில் தெருமுனைப் புத்தகக்கடைகளும் சிறு பதிப்பகங்களும் அழிந்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். மின்னூல்களும் இதற்கு உட்பட்டவையே. 2023 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றமும் இது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த ஏற்பாட்டை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் விற்பனைக்கு விதித்த கட்டு வாடகையைக் கட்டவில்லை. எனவே மின்னூல் கடைகள், நூலை விற்பதாகச் சொல்லாமல் பத்து ஆண்டு, ஐம்பது ஆண்டு என்று நெடுங்கால வாடகைக்கு விடுவதாகச் சொல்லி, விலையைப் பெரிதும் குறைத்தன. ஐம்பது ஆண்டு வாடகைக்கும் விற்பனைக்கும் ஒரு மனித ஆயுளில் என்ன பேதம்? பதிப்பாளரும் வியாபாரிகளும் கூடிப் பேசி, 2018 மே முதல் வாடகைக் காலம் மூன்று மாதத்தை மீறலாகாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்தக் கதவு மூடியபின், மலிவாகப் படிக்க விரும்பியவர்களுக்குத் திறந்திருந்த அகலமான வழி மாதச் சந்தாவே. நூலைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசையை மெல்ல மெல்ல அணைத்து, படிக்கும் ஆசையை மட்டும் வளர்த்த பாதை இது. திட்டமிட்டு ஒருவரும் போட்டதன்று, எனினும் விளைவு அதுவே.

இதன் பலனை வாசகர் எப்போது உணர்கிறார்? சந்தாவை நிறுத்தும் மாதத்தில் உணர்கிறார். பதிப்பாளர் தம் நூலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நாளில் உணர்கிறார். விலை கொடுத்து வாங்கிய மின்னூலின் நிலையும் அதைவிட வெகுவாக மேலானதன்று. ஒரு கடையில் வாங்கிய நூல் அந்தக் கடையின் செயலியில் மாத்திரமே திறக்கும். நாலு கடைகளில் வாங்கினால் நாலு செயலிகள், நாலு அலமாரிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு குறிப்பேடுகள். மின்தாள் கருவிகளில் ஆர்வமுள்ள கொரியர்கள், எல்லாக் கடைகளின் செயலிகளையும் ஏற்கும் ஆண்ட்ராய்ட் கருவிகளைத் தேடித் தேடி வாங்குவதன் காரணம் இதுதான். 2025 ஜூன் மாதத்தில் யெஸ்24 என்னும் பெரிய இணையப் புத்தகக்கடையின் கணினிகளைக் கப்பம் கேட்கும் கயவர்கள் முடக்கியபோது, சில நாட்கள் வரை அதன் மின்னூல் சேவையும் நின்றுபோயிற்று. அச்சு நூலை வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் அந்த நாட்களில் ஒன்றையும் இழக்கவில்லை.

பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் எளிதன்று. 2023-இல் அலாதின் என்னும் கடையிலிருந்து மின்னூல்கள் திருடப்பட்டு, சுமார் ஐயாயிரம் நூல்கள் டெலிகிராமில் சிதறவிடப்பட்டபோது, பதிப்பாளர்களுக்கு நேர்ந்த கலக்கம் நியாயமானதே. எழுதுகிறவரின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. திருட்டைத் தடுக்கும் பூட்டு அவசியம். ஆனால் ஒரு கடைக்காரர் தம் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடாதபடி போடும் பூட்டையும் அதே பெயரால் நியாயப்படுத்துவதை நான் ஒப்பமாட்டேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாக உறுத்துவது வேறொன்று. மில்லியின் செயலியில் ஒரு நூலைத் திறக்குமுன், அதை முடிக்கும் சாத்தியம் இத்தனை சதவீதம், முடிக்க ஆகும் நேரம் இவ்வளவு என்ற கணக்கு காட்டப்படுகிறது. படித்தவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எத்தனை பேர் கடைசிவரை போனார்கள் என்பதை இயந்திரம் கவனித்துச் சேர்த்த விவரம் அது. அவகாசம் குறைந்தவருக்கு இது உபயோகம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், பலர் பாதியில் விட்ட நூலே சிலருக்கு வாழ்நாள் துணையாக அமைகிறது. எத்தனையோ அரிய நூல்கள் முதல் ஐம்பது பக்கங்களில் வாசகரைச் சோதித்துவிட்டே உள்ளே விடுகின்றன. அந்த வாசலில் ஓர் எண்ணைத் தொங்கவிட்டு, பெரும்பாலோர் இங்கிருந்து திரும்பிவிட்டார்கள் என்று அறிவிப்பது, தயங்கி நிற்பவரைத் திருப்பி அனுப்புவதற்கே சமானம். நூல்களை அரைமணி நேரத்தில் கேட்டு முடிக்கும்படி சுருக்கி, பிரபல நடிகர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து மில்லி வெளியிட்டதும் இதே மனோபாவத்தின் கிளை. நூல் முடிந்ததா என்ற கேள்வி, நூல் என்ன செய்தது என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறது.

இத்தனை சாதனங்களும் வந்தபின் படிப்போர் தொகை பெருகிற்றா? பண்பாட்டு அமைச்சகம் 2023-ஆம் ஆண்டுக்கு எடுத்த தேசிய வாசிப்புக் கணக்கின்படி, அச்சோ மின்னூலோ ஒலிநூலோ, வருஷத்தில் ஒரு நூலையாவது படித்த பெரியவர்கள் 43.0 சதவீதம், சராசரி 3.9 நூல். அதுவரை எடுத்த கணக்குகளில் அதுவே மிகத் தாழ்ந்தது. வேலைப் பளுவால் நேரமில்லை என்பது அவர்கள் சொன்ன முதற்காரணம்; மற்ற ஊடகங்களில் ஆழ்ந்துவிடுவது அடுத்த காரணம். சந்தா வாசிப்பு இந்தச் சரிவை உண்டாக்கிற்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. நிறுத்தவில்லை என்பது மட்டும் பிரத்தியட்சம். மாறாக, 2024 அக்டோபர் 10 அன்று ஹான் காங்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், புத்தகக்கடைகளின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் திணற, ஒரு வாரத்திற்குள் அவர் நூல்கள் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. நொடியில் கிடைக்கும் மின்னூல் கையருகே இருக்க, மிகப் பெரும்பாலோர் அச்சு நூலையே கேட்டு, அச்சாகி வரும்வரை காத்திருந்தார்கள். தமக்கு வேண்டியது என்று மனம் தீர்மானித்த நூலை ஜனங்கள் கையில் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஹுவாங் போ-ரும் எழுதிய ஹியுனாம்-தோங் புத்தகக்கடையைப் பற்றிய நாவலும் இங்கே நினைக்கத்தக்கது: மில்லியின் வழியாக மின்னூலாகத் தோன்றி, வாசகர்கள் வற்புறுத்தியபின் 2022-இல் அச்சேறி, பல தேசங்களுக்கும் சென்றது. புதிய நாவலாசிரியர் ஒருவருக்குச் சந்தா முறை வாசலைத் திறந்தது என்பதையும், வாசகர்கள் அதோடு திருப்தியடையவில்லை என்பதையும் இந்த ஒரு நூலே சேர்த்துச் சொல்கிறது.

மலிவாகப் படிக்கச் சந்தா ஒன்றே வழி என்று நினைப்பவர்கள், இந்த நாட்டிலேயே உள்ள மற்ற ஏற்பாடுகளை மறந்துவிடுகிறார்கள். 1981-இல் குவாங்வாமுன் சதுக்கத்தருகே கியோபோ புத்தக நிலையத்தைத் திறந்த சின் யோங்-ஹோ, வாங்காமல் நெடுநேரம் நின்று படிப்பவரையும், நூலிலிருந்து குறிப்பெடுப்பவரையும் கடிந்துகொள்ளலாகாது என்று சிப்பந்திகளுக்கு விதி வகுத்தார். இன்றும் அங்கே மாணவர்களும் முதியவர்களும் மணிக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. பொது நூலகங்களோ இன்னும் ஒருபடி மேல்: சில நகரங்களில் வாசகர் தமக்கு வேண்டிய புதிய நூலை உள்ளூர்ப் புத்தகக்கடையிலேயே இரவலாகப் பெற்றுப் படித்துத் திருப்பிக் கொடுக்கலாம், நூலகம் அந்தக் கடைக்கு விலையைச் செலுத்தி நூலைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொள்ளும். வாசகருக்குச் செலவில்லை, கடைக்கு விற்பனை உண்டு, நூலும் ஊருக்குச் சொந்தமாகிறது. சந்தா முறையின் நன்மைகளில் முக்கியமானவற்றை, அதன் தீமைகள் இன்றித் தரும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் உவப்பானது.

ஆகவே கருவியை நான் கைவிடவில்லை. கைவிடும்படி யாருக்கும் யோசனை கூறவும் மாட்டேன். அகராதியின் துணை வேண்டிய நூல்களையும், ஒருமுறை பார்த்தால் போதுமானவற்றையும் திரையில் படிக்கிறேன்; மறுபடி தேடுவேன் என்று தோன்றியவற்றை அச்சில் வாங்குகிறேன், அடுத்த வீடு மாறும்போது சுமக்கவேண்டும் என்று அறிந்தே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் செதுக்கிய 81,000-க்கு மேற்பட்ட சாத்திரப் பலகைகளை, காற்றோட்டத்திற்காக மேலும் கீழும் அளவு வேறுபட்ட சன்னல்கள் அமைத்த மண்டபங்களில், இன்றுவரை ஹேயின்சா மடாலயத்தில் காத்துவரும் தேசம் இது. அந்தப் பொறுப்புணர்ச்சி அரசாங்கத்திடம் அற்றுப்போகவில்லை. மின்னூல்களையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது நூலைக் காக்கிறதேயன்றி, பணம் கொடுத்து வாங்கிய வாசகரின் உரிமையைக் காக்கவில்லை. விலைக்கு வாங்கிய மின்னூல் எந்தக் கடையின் செயலியிலும் திறக்கவேண்டும். கடை மூடினாலும் அது வாசகரிடம் நிற்கவேண்டும். சந்தாவில் படித்தபோது எழுதிய குறிப்புகள் சந்தா முடிந்தபின்னும் எழுதியவருக்கே கிடைக்கவேண்டும். வாடகைக் காலத்தைக் குறுக்குவதற்காக 2018-இல் ஒன்றுகூடி உடன்பாடு கண்ட அதே பதிப்பாளரும் வியாபாரிகளும், இந்த மூன்றுக்காகவும் மறுபடி ஒன்றுகூடலாம்; அதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.