கட்ட நோட்டில் ஒரு முக்கோணம்

கட்டம் போட்ட நோட்டில் மூன்று கட்ட நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இடது முனையிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி, அங்கிருந்து இரண்டு கட்டம் மேலே ஒரு புள்ளி. அதை இரு முனைகளோடும் சேர்த்தால் ஒரு முக்கோணம். பார்க்கச் சாதாரணம்தான்.

இடது மூலையில் கோடு இரண்டு கட்டம் போக, இரண்டு கட்டம் ஏறுகிறது: டேன்ஜென்ட் 1. வலது மூலையில் ஒரு கட்டத்துக்கு இரண்டு: டேன்ஜென்ட் 2. உச்சியிலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு உச்சிக்கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதியின் டேன்ஜென்ட் 1, மறுபாதிக்கு அரை. (பாதி என்றாலும் சமபாதி இல்லை.) கூட்டல் வாய்பாட்டில் இட்டால், ஒன்றரையை அரையால் வகுக்க, 3. அதாவது 1, 2, 3 ஆகியவற்றின் நேர்மாறு டேன்ஜென்ட்களைக் கூட்டினால் சரியாக 180 பாகை!

நான் அதிகம் ரசிப்பது இதற்கு அடுத்து வரும் சறுக்கலை. படம் இல்லாமல், நேர்மாறுகளைக் கூட்டும் வாய்பாட்டில் 2, 3 என்று போட்டுப் பாருங்கள். மேலே 5, கீழே 1-இலிருந்து 6 போக −5; விடை −1. அதன் நேர்மாறு −45 பாகை. மிச்சமிருக்கும் 45-ஐயும் சேர்த்தால் பூஜ்யம். மூன்று மிகைக் கோணங்களின் கூட்டுத்தொகை பூஜ்யமா?

அந்த இரு கோணங்களும் ஏறக்குறைய 63.4, 71.6 பாகை, கூட்டினால் 135. டேன்ஜென்ட் 180 பாகைக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 135-க்கும் −45-க்கும் ஒரே மதிப்பு. நேர்மாறு ஒரே விடைதான் சொல்லலாம். அதன் வீச்சகம் −90-க்கும் 90-க்கும் நடுவில் அடங்கிவிட்டது. 135-ஐக் கூப்பிட்டால் −45 வந்து நிற்கிறது.

‘பெருக்குத்தொகை 1-க்குக் குறைவாக இருக்க வேண்டும்’ என்று வாய்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. டேன்ஜென்ட்களின் பெருக்குத்தொகை 1 ஆவது, இரு குறுங்கோணங்கள் சேர்ந்து 90-ஐத் தொடும்போதுதான். அந்தச் சின்ன வரி வீச்சகத்தின் எல்லைக்கல்! தாண்டினால் 180-ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கோணம் இல்லாத எந்த முக்கோணத்திலும் மூன்று டேன்ஜென்ட்களின் கூட்டலும் பெருக்கலும் ஒன்றே. இங்கே இரண்டும் 6. மூன்றும் முழு எண்களாக வேறு முக்கோணம் உண்டா? மிகச் சிறிய கோணம் 60-ஐத் தாண்டாது, அதன் டேன்ஜென்ட் 1.74-ஐ எட்டாது, ஆகவே 1. மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 2 வர வேண்டும். 2-ஐயும் 3-ஐயும் விட்டால் வழியில்லை. பெரிதாக்கலாம், புரட்டிப் போடலாம். வடிவம் நோட்டில் வரைந்த அந்த ஒன்றுதான்.