பச்சைச் சட்டையும் ஒரு நாடும்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘இன்விக்டஸ்’ (2009) திரைப்படத்தை மீண்டும் பார்த்தோம். 1995 ஜூன் 24இல் ஜொகானஸ்பர்க் நகரில் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்தை 15-12 என வென்று உலகக் கோப்பையை ஏந்திய வரலாறே கதை. நிறவெறிக் காலத்தில் அவ்வணியின் பச்சைச் சட்டை வெள்ளையர் ஆதிக்கத்தின் சின்னம். கறுப்பின மக்கள் எதிரணிக்கே ஆர்ப்பரித்தனர். 27 ஆண்டுகள் சிறையிருந்த மண்டேலா அதே சட்டையை, அணித்தலைவர் பியனாரின் 6ஆம் எண்ணோடு, அணிந்து திடலுக்கு வந்தார். மார்கன் ஃபிரீமன் நடிப்பில் அக்காட்சி இம்முறையும் நம்மை நெகிழ்வித்தது.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. களமிறங்கிய பதினைவருள் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. படம் அதைக் காட்டுகிறது. ஏன் என்று வினவவில்லை. மன்னிப்பை வழங்கியவர்கள் துன்புற்றவர்கள். மறுதரப்பு எதை இழந்தது? ஒப்புரவில் மன்னிப்போடு ஈடுசெய்தலும் உண்டு என்பதை நம் வாசகர் அறிவர். கோப்பையோடு படத்தை முடித்ததால் இக்கேள்வி எழாமலே போகிறது.

கறுப்பினத் தலைவர் ஒருவர், சியா கொலிசி, அக்கோப்பையை ஏந்த 2019 வரை, 24 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 1995இல் அவர் ஸ்விடே என்னும் ஏழைக் குடியிருப்பில் நான்கு வயதுச் சிறுவர். அச்சிறுவருக்கு உணவும் காலணியும் ஆடத் திடலும் எவ்வாறு கிடைத்தன என்னும் கதையையே நாம் காண விரும்புகிறோம்.