டார்வினின் கோழி அத்தியாயம்: ஒரு மதிப்பீடு

வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் மாறுபாடுகளைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1868-ஆம் ஆண்டில் இரு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதன் ஏழாம் அத்தியாயம் கோழிகளைப் பற்றியது. பழைய கோழி இனங்களைப் பேணுவோர் அதை இன்றும் படிக்கலாமா? தாராளமாகப் படிக்கலாம். ஆனால் டார்வின் கண்டது எது, கண்டதிலிருந்து அவர் முடிவு செய்தது எது என்று பிரித்துப் படிக்கவேண்டும்.

இந்த அத்தியாயத்தின் பெருமை, ஆசிரியர் தாமே குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்துப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. சோதனையில் கலப்படம் நேராதிருக்கத் தம்மிடம் முன்பிருந்த கோழிகளையெல்லாம் அவர் ஒழித்தார். அருகில் வேறு கோழிகளும் இல்லை. பிறகு கறுப்பு ஸ்பானிஷ் இனச் சேவல் ஒன்றைப் பல தூய இனப் பெட்டைகளுடன் சேர்த்தார். அவற்றுள் ஒன்று பட்டுப்போன்ற இறகுடைய வெள்ளை ‘சில்க்’ பெட்டை. குஞ்சுகள் கரிக்கறுப்பாகப் பிறந்தன. ஆயினும் அவற்றுள் ஒரு சேவல் வளர்ந்தபின், சிவப்புக் காட்டுக்கோழியைப் போன்ற வண்ண இறகுகளைப் பெற்றது! தந்தை கறுப்பு, தாய் வெள்ளை. சிவப்பு எங்கிருந்து வந்தது?

மூதாதையின் பண்பு மீண்டது என்றார் டார்வின். அடைகாக்கும் வழக்கத்தை இழந்த இரண்டு இனங்களைக் கலந்தபோது, அவற்றின் வழிவந்த பெட்டைகள் அடையில் அமர்ந்த செய்திகளையும் இதே நூலில் திரட்டியுள்ளார். கண்டவை மெய்யே. ஆனால் அவற்றை விளக்க, உடலின் ஒவ்வோர் உறுப்பும் நுண்துகள்களை அனுப்புகிறது என்று அவர் கூறிய கொள்கை நிலைக்கவில்லை. மெண்டலின் கட்டுரை 1866-லேயே அச்சாகியிருந்தது. ஒரு பண்பு வெளியே தெரியாமல் மறைந்திருந்து, கலப்பில் வெளிப்படக்கூடும் என்பதற்கு அதில் வழி இருந்தது. டார்வினின் விளக்கத்தில் அது இடம்பெறவில்லை.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி உள்ளிட்ட கோழி இனங்களின் கலப்புகளைப் பற்றி அவர் ஒரு கணக்குத் தருகிறார். ஏறத்தாழ 500 முட்டைகளிலிருந்து 12 குஞ்சுகளே தேறின. எனவே சாம்பல் காட்டுக்கோழிக்கு வளர்ப்பு இனங்களின் மூதாதையர் வரிசையில் இடமில்லை என்கிறார். சிவப்புக் காட்டுக்கோழியே முதன்மை மூதாதை என்ற அவருடைய முடிவு இன்றும் நிற்கிறது. ஆனால் 2008-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, பல வளர்ப்பு இனங்களில் காணும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது எனக் காட்டியது. பன்னிரண்டு குஞ்சுகள் குறைவுதான். ஆனால் சுழியம் அன்று. தம் கணக்கிலேயே இருந்த அந்தச் சான்றை டார்வின் எடைபோடத் தவறிவிட்டார்.

பழைய இனங்களைக் காப்போருக்கு இந்தக் குறையே பாடமாகிறது. ஓர் அயல் சேவல் ஒரு நாள் புகுந்தாலும் அதன் சுவடு பல தலைமுறைகளுக்குத் தொடரலாம். ஆகவே முட்டை அடைவைக்கும் நாளிலிருந்து, குஞ்சு வெளிவரும் இருபத்தோராம் நாளையும் தாண்டி, எந்தக் குஞ்சு எந்தப் பெற்றோருடையது என்று குறித்து வரவேண்டும். கறுப்பு ஸ்பானிஷ் இனம் இன்று அருகிவிட்டது. அத்தகைய தூய இனங்களை வளர்ப்போர் அன்று பேணியிராவிட்டால், டார்வினின் சோதனையே நடந்திராது. இனம் அழிந்தால், அதனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகளுக்கும் விடை இல்லாமற் போய்விடும்.