குக்கர் விசிலும் வேஸ்ட்கேட்டும்

டர்போ கார் பற்றிய தமிழ் வீடியோக்களில் ஒரு உவமை திரும்பத் திரும்ப வருது. குக்கர்ல பிரஷர் ஏறினா விசில் அடிக்கிற மாதிரி, டர்போவில் காற்றழுத்தம் கூடினா வால்வு திறந்து வெளியே தள்ளிடுமாம். நானும் கொஞ்ச நாள் இதையே நாலு பேருக்குச் சொல்லிட்டிருந்தேன். தப்பு. ரெண்டு வேறு வால்வுகளை இது ஒண்ணாக்கிடுது.

எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துல, ஒரகடம் ஆலையில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போவையே எடுத்துக்கலாம். 999 சிசி, மூணு சிலிண்டர், 100 பிஎஸ். இவ்வளவு சின்ன எஞ்சினுக்குள்ள காற்றைத் திணிக்கிறது கம்ப்ரஸர். அதைச் சுத்துறது டர்பைன். டர்பைனைச் சுத்துறது சைலன்சருக்குப் போற புகை. அழுத்தம் போதும்னு ஆனதும் வேஸ்ட்கேட் திறக்கும். அது அழுத்தின காற்றைத் தொடறதே இல்லை. புகையில் ஒரு பங்கை டர்பைன் பக்கம் போகாம சுத்து வழியில் அனுப்பிடும். டர்பைன் அடங்கும், அழுத்தமும் அடங்கும். ஏரி மாவட்டத்துக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கக் குக்கரே தேவையில்லை: ஏரி தளும்பினப்புறம் கலங்கல்ல வழியவிடறது வேற, வரத்துக்கால்வாயிலேயே தண்ணியைத் திருப்பிவிடறது வேற. வேஸ்ட்கேட் ரெண்டாவது ரகம்.

கலங்கல் வேலை பாக்கிறது ப்ளோ-ஆஃப் வால்வு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் பட்டுனு மூடும். நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுழல்ற கம்ப்ரஸர் உடனே நிக்காது. இடையில் மாட்டின காற்று திரும்பி வந்து கம்ப்ரஸர் மேலேயே மோதும். அந்த நொடிக்குத்தான் இந்த வால்வு. கம்பெனி கார்களில் பெரும்பாலும் அந்தக் காற்றைக் கம்ப்ரஸருக்கு முன்னாடி உள்ள குழாய்க்கே திருப்பிடுவாங்க. சத்தம் பெருசா கேக்காது.

அந்த 'புஷ்ஷ்' சத்தம் வேணும்னு வெளியே திறக்கும் வால்வை மாட்டுறவங்க இருக்காங்க. உள்ளே வர்ற காற்றை முன்கூட்டியே அளக்கிற சென்சார் உள்ள எஞ்சின்ல கணக்கு தப்பும். இல்லாத காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் தெளிக்கும். (மேனிஃபோல்ட் அழுத்தத்தை வெச்சுக் கணக்குப் போடுற எஞ்சின்ல இந்தத் தொல்லை குறைவு. நான் பார்த்த வீடியோ எதுவும் இதைப் பிரிச்சுச் சொல்லலை.) டீசல் கார்ல இன்னும் வேடிக்கை. வேகத்தைக் குறைக்கக் காற்றை அடைக்கிற வழக்கமே அதுக்குக் கிடையாது. அதுல கேக்கிற 'புஷ்ஷ்' காசு கொடுத்து வாங்கின சத்தம், அவ்வளவுதான்.

இதெல்லாம் வீண் செலவோட போயிடும். வேஸ்ட்கேட் பவரைத் தின்னுதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு அதன் ஆக்சுவேட்டர் கம்பியை இறுக்குறதுதான் ஆபத்து. குக்கர் உவமையை நம்பினவருக்கு, அழுத்தம் மீறினா ப்ளோ-ஆஃப் வால்வு பாத்துக்கும்னு தைரியம் வரும். பாத்துக்காது. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சிருக்கும்போது அது இறுக்கி மூடியேதான் இருக்கும். கம்ப்யூட்டர் குறுக்கிட்டு பவரைக் குறைச்சா தப்பிச்சீங்க. இல்லேன்னா நாக்கிங், ஹெட் கேஸ்கெட், பிஸ்டன்னு செலவு வரிசையா வரும்.